கந்தோருக்குப் பூர்வீகம் எது?

ஜனவரி 6

வாசகர் ஒருவர் எழுதியது, அப்படியே தருகிறேன்: "யாழ்ப்பாணத்தில் அலுவலகத்தைக் கந்தோர் என்பார்கள். அது ஒல்லாந்துச் சொல் என்று பலரும் சொல்வது பிழை. கந்து என்றால் தூண். ஓர்தல் என்றால் ஆராய்தல். தூணடியில் இருந்து வழக்கை ஆராயும் இடம் கந்தோர். கந்துவட்டியில் இருப்பதும் இந்தக் கந்துதான். தூய தமிழ்ச் சொல்லை அந்நியனுக்குத் தாரை வார்க்காதீர்கள்."

தாரை வார்க்க என்னிடம் ஒன்றும் இல்லை. நான் ஒல்லாந்தரின், அதாவது டச்சுக்காரரின், நாடான நெதர்லாந்தில் உத்ரெக்ட் நகரில் இருக்கிறேன். காலையில் எழுந்து சைக்கிளில் கந்தோருக்குப் போகிறேன். பக்கத்து வீட்டு ஒல்லாந்துக்காரரும் கந்தோருக்குத்தான் போகிறார். அவரிடம் தூணடிக் கதையைச் சொன்னால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவார்.

கந்து, ஓர் இரண்டும் நல்ல தமிழ்தான். ஆனால் சிங்களவர் கந்தோருவ என்கிறார்கள். இந்தோனேசியாவில் கந்தோர். தென்னாபிரிக்காவில் ஆபிரிக்கான்ஸ் பேசுகிறவர்களுக்கும் கந்தோர். இத்தனை பேரும் எந்தத் தூணடியில் இருந்து ஆராய்ந்தார்கள்? இவர்கள் எல்லோர் வீட்டுக்கும் பொதுவாக வந்துபோன விருந்தாளி ஒருவர்தான்: 1602இல் தொடங்கிய ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி.

ஜனவரி 6, இரவு

காலையில் கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன். உண்மையில் நானும் இந்தச் சொல்லை மதித்தவன் இல்லை. ஐயா "கந்தோருக்குப் போட்டு வாறன்" என்று சொல்லும்போது எனக்குக் கூச்சமாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் "என்ரை ஐயா ஒப்பிஸிலை வேலை" என்றுதான் சொல்வேன். கந்தோர் கிழடுகளின் சொல், ஊர்ச் சொல் என்று ஒரு நினைப்பு.

இங்கே வந்து மொழி வகுப்பில் சேர்ந்த முதல் வாரம். ஆசிரியை பலகையில் ஒரு கட்டிடம் வரைந்து, கீழே சொல்லை எழுதி, வாய்விட்டுச் சொன்னார்: கந்தோர். நான் சிரித்துவிட்டேன். ஏன் என்று கேட்டார். அது எங்கள் வீட்டுச் சொல் என்றேன். நான் ஏதோ உச்சரிப்புப் பிழை விட்டேன் என்று நினைத்து, பாவம், இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லிக் காட்டினார். கன். தோர். அப்படியே ஐயாவின் குரல்.

ஜனவரி 9

ஒல்லாந்தரிடமிருந்து வந்தது சரி, ஒல்லாந்தருக்கு எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதுதான் சரியான கேள்வி. கந்தோர் அவர்களுக்கும் சொந்தமில்லை. மத்திய காலத்தில் பிரெஞ்சிலிருந்து எடுத்தார்கள். பிரெஞ்சில் இன்று அது கோந்த்வார். காசை எண்ணுவதற்குப் போட்ட மேசை என்பதுதான் முதற்பொருள். மேசை, பிறகு மேசை போட்ட அறை, பிறகு அறை இருக்கிற கட்டிடம், கடைசியில் தூர தேசத்தில் போட்ட வர்த்தக நிலையம் என்று சொல் வளர்ந்தது. பிரெஞ்சுக்காரர் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் ஐந்தையும் இந்தியாவிலுள்ள தங்கள் கோந்த்வார்கள் என்றுதான் அழைத்தார்கள். ஆக காரைக்கால்காரர்கள் ஒரு பெரிய கந்தோருக்குள்ளேயே பிறந்து வளர்ந்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தான் மட்டும் பெருமைப்பட வேண்டாம்.

பிரெஞ்சுக்கு அது லத்தீனிலிருந்து. கொம்ப்புத்தாரே என்றால் கணக்கிடு. இனி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை: கம்ப்யூட்டரும் அதே வயிற்றுப் பிள்ளை. ஐயாவின் கந்தோருக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது ஓய்வுபெற ஒரு வருடம்தான் இருந்தது, அதைத் தொடவே மாட்டேன் என்று நின்றார். அண்ணன் தம்பி ஒன்றுசேர்ந்த இடத்தில் ஒரு வெற்றிலை கூட வைக்கவில்லை.

ஜனவரி 9, சற்றுப் பிறகு

ஒரு சின்ன எழுத்து விளையாட்டு. பிரெஞ்சில் இந்தச் சொல்லை எழுதும்போது நடுவில் 'ப்' வரும், வாயில் வராது. பழைய பிரெஞ்சில் எழுத்திலும் இல்லை. லத்தீன் படித்த எழுத்தர்கள் பிறகு கொண்டுபோய்ச் செருகியது. ஒல்லாந்தர் காதால் கேட்டு வாங்கியதால் அவர்களிடம் 'ப்' இல்லை, எங்களிடமும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், கம்பனியின் எழுத்தர்கள் கடிதம் எழுதும்போது மட்டும் பிரெஞ்சு மாதிரி 'ப்' போட்டு, பெரிய மனிதத் தோரணையில் எழுதினார்கள். தாளில் கோந்த்வார், வாயில் கந்தோர். நம் ஆட்கள் தாளைப் பார்க்கவில்லை, வாயைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

முதல் எழுத்தில் 'கொ' எப்படிக் 'க' ஆனது என்றும் கேட்டிருந்தார்கள். அழுத்தம் இரண்டாம் அசையில் விழுவதால் முதல் அசை தேய்ந்துபோனது. பருத்திக்கும் அதே கதைதான். பிரெஞ்சில் கொத்தோன், ஒல்லாந்தில் கதூன்.

இதே கையோடு இன்னொன்று: இங்கே சின்ன வழக்குகளை விசாரிக்கிறவருக்குக் கந்தோன் நீதிபதி என்று பெயர். அதுவும் கந்தோரின் உறவாகத்தான் இருக்க வேண்டும்.

ஜனவரி 10

இல்லை. மேலே கடைசி இரண்டு வரி பிழை. கந்தோன் வேறு குடும்பம். மூலை, ஓரம் என்ற பொருளுள்ள இத்தாலியச் சொல்லிலிருந்து வந்து, ஒரு நாட்டின் கூறு என்று ஆனது. சுவிஸில் இருக்கிற நம் ஆட்கள் எந்தக் கந்தோனில் இருக்கிறீர்கள் என்று கேட்டுக்கொள்வது அதைத்தான். கண்டோன்மெண்டும் அந்தப் பக்கத்து உறவு. காதுக்கு ஒன்றுபோல் கேட்டதும் தாலி கட்டி வைத்துவிட்டேன். தூணடி வாசகரை நக்கலடித்த வாய்க்கு நாலாம் நாளே கிடைத்தது.

ஜனவரி 13

மன்னிப்புக்குப் பதிலாக ஒரு நல்ல சரக்கு.

கொம்ப்புத்தாரேயைப் பிரித்தால் கொம் என்பது 'சேர்த்து', புத்தாரே என்பது 'கணக்கிடு, நினை'. ஆனால் புத்தாரேயின் பழைய பொருள் என்ன தெரியுமா? கொடியை, மரத்தை வெட்டிச் சுத்தம் செய்வது. திராட்சைத் தோட்டக்காரன் வேலை. வேண்டாத கிளையை அகற்றுவதிலிருந்து, கணக்கில் வேண்டாததை நீக்கி நேராக்குவது, அதிலிருந்து எண்ணுவது, அதிலிருந்து நினைப்பது. ஆஸ்பத்திரியில் காலை வெட்டி எடுக்கிறதற்கு ஆங்கிலத்தில் சொல்கிற ஆம்ப்யுட்டேஷனில் இருப்பதும் இந்தப் புத்தாரேதான்.

இதை வாசித்துக்கொண்டிருந்தபோது எனக்கு நம் 'கழித்தல்' ஞாபகம் வந்தது. பத்தில் மூன்றைக் கழி என்கிறோம். முற்றத்து வேம்பைக் கழித்துவிடு என்கிறோம். கத்தியும் கணக்கும் ஒரே சொல்லில். அதோடு 'எண்ணு'. எண்ணினேன் என்றால் காசை எண்ணினேனா, மனதில் எண்ணினேனா? இரண்டும்தான். லத்தீன்காரன் ஒரு சொல்லில் வைத்ததை நாம் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம். உறவு என்று சொல்லவில்லை, தயவுசெய்து யாரும் "லத்தீன் தமிழிலிருந்து பிறந்தது" என்று தொடங்க வேண்டாம். மனிதன் எங்கே கணக்குப் பார்த்தாலும் கையில் ஒரு கத்தி இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பிரெஞ்சில் கணக்கிடுவதும் கதை சொல்வதும் ஒரே சொல்லை எழுதும் இரண்டு விதங்கள். ஒல்லாந்தில் தெலென் என்றால் எண்ணு, வெர்தெலென் என்றால் கதை சொல். எண்ணி எண்ணிச் சொல்வதுதான் கதை போலும். எங்கள் அம்மம்மா ஊர்ச் சண்டையைச் சொல்லும்போது விரல் மடித்துத்தான் சொல்வா.

ஜனவரி 15

இன்று பொங்கல். பானை பொங்கிவிட்டது, மின்னடுப்பில்தான். வேறு ஒன்றும் எழுதவில்லை.

ஜனவரி 17

'கவுண்டர்' என்ற சொல்லும் இதே வம்சம்தானே என்று கேட்டவருக்கு: ஆம். பேருந்து நிலையத்துக் கவுண்டர், அதாவது டிக்கெட் கொடுக்கிற மேசை. (கோயம்புத்தூர்க் கவுண்டர்கள் கோபிக்க வேண்டாம், உங்களுடையது வேறு.) ஒரே பிரெஞ்சுச் சொல்லை ஆங்கிலேயர் ஒரு பக்கமாகவும் ஒல்லாந்தர் மறுபக்கமாகவும் கொண்டுபோய், கடைசியில் இருவரும் தமிழரிடமே கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் ட, மற்றதில் த. ஆங்கிலேயரின் 'ட்' நமக்கு நாக்கை மடித்ததுபோல் கேட்கும், அதனால் டிக்கெட், கவுண்டர். ஒல்லாந்தரின் 'த்' பல்லோடு ஒட்டியது, காற்றும் வராது, அதனால் கந்தோர், இஸ்தோப்பு (வீட்டு விறாந்தை), நொத்தாரிசு (உறுதி எழுதுபவர்). போர்த்துக்கேயரும் அப்படித்தான்: கதிரை (நாற்காலி), சப்பாத்து (காலணி). ட வந்தால் ஆங்கிலம், த வந்தால் அதற்கு முந்திய ஆட்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

ஜனவரி 18

கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது என்று மூன்று பேர் அடித்திருக்கிறார்கள். மூவரும் எடுத்துக்காட்டியது ஒன்றையே: துட்டு. அதுவும் ஒல்லாந்தர் சொல்தான், இரட்டை ட வந்து உட்கார்ந்திருக்கிறது. சரி, ஒத்துக்கொள்கிறேன். வாடைக்காற்று மாதிரி, பெரும்பாலும் வடக்கிலிருந்து வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் துட்டைக் கொண்டுவந்ததற்கு நன்றி. தௌத் என்பது அவர்களின் செப்புக்காசு. எட்டுச் சேர்ந்தால் ஒரு ஸ்தௌவர். கம்பனி 1726 முதல் தன் முத்திரையோடு ஆசியாவுக்கென்றே அடித்தது. சென்னைக்காரன் "துட்டு இல்லப்பா" என்று சொல்லும்போது கம்பனிக் காசைத்தான் கேட்கிறான். இந்தோனேசியாவில் இன்றைக்கும் பணத்துக்குப் பேச்சில் இதே சொல்தான், துயிட். ஒல்லாந்தருக்கு அது வடக்கே ஸ்காண்டினேவியாவிலிருந்து வந்தது. மூலப்பொருள்? வெட்டி எடுத்த துண்டு. மறுபடியும் கத்தி! கந்தோருக்குப் போனாலும் வெட்டு, துட்டை எடுத்தாலும் வெட்டு.

ஜனவரி 20

"கக்கூசும் ஒல்லாந்துச் சொல்தான், ஏன் எழுதவில்லை" என்று பதினோராவது ஆள் எழுதிவிட்டார். தெரியும். ஒல்லாந்தில் அதன் நேர்ப்பொருள் சபையில் சொல்லத் தக்கதல்ல, ஹௌஸ் என்ற பின்பாதி வீடு, முன்பாதியை நீங்களே ஊகித்துவிட்டீர்கள். ஒரு தேசத்திலிருந்து கணக்கு மேசையும் மலகூடமும் ஒரே கப்பலில் வந்திறங்கின. இத்தோடு அந்தக் கதவைச் சாத்துகிறேன்.

ஜனவரி 23

இன்று வேலை முடிந்து வரும்போது ஐயாவின் மேசையை நினைத்துக்கொண்டே வந்தேன். ஐயா உப தபாற்கந்தோரில் இலிகிதர், அதாவது எழுத்தர். பள்ளிக்கூடம் விட்டு நான் அங்கேதான் போவேன். வாசலில் சிவப்புப் பெட்டி. உள்ளே ஊதா மைக்கட்டை, நனைந்த பஞ்சு வைத்த கண்ணாடிக் கிண்ணம், திகதி முத்திரை. முத்திரையை மையில் ஒரு தட்டு, முத்திரைத் தாளில் ஒரு தட்டு, இரண்டுக்கும் இடையில் ஐயா ஒரு சின்ன மூச்சு விடுவார். டப், மூச்சு, டப். மாலைத் தபாலுக்குக் கட்டும்வரை அது நிற்காது. முத்திரைத் தாள்கள் மேசை லாச்சியில். அதன் சாவி பூணூல் மாதிரி ஒரு கறுப்புக் கயிற்றில் கழுத்திலேயே கிடக்கும்.

லாச்சி! தமிழ்நாட்டு நண்பர்களுக்கு: இழுப்பறை. ஒல்லாந்தில் லா, அதைச் செல்லமாகக் குறுக்கினால் லாச்ய. இவர்கள் எதையும் குட்டியாக்காமல் விடமாட்டார்கள். பீரைக்கூடக் குட்டிப் பீர் என்றுதான் கேட்பார்கள். அந்தச் செல்லக் குரல்தான் நம் லாச்சியின் 'ச்சி'. நாம் பீன்ஸுக்குச் சொல்கிற போஞ்சியின் 'ஞ்சி'யும் அதுவே. அம்மா போஞ்சிக் கறி வைத்த நாளெல்லாம் ஒல்லாந்தரின் கொஞ்சல் சட்டிக்குள் கிடந்திருக்கிறது.

இப்போது ஒரு வாக்கியம். "ஐயா கந்தோரிலே கதிரையில் இருந்து மேசை லாச்சியைத் திறந்தார்." கந்தோர் ஒல்லாந்து, கதிரை போர்த்துக்கேயம், மேசை போர்த்துக்கேயம், லாச்சி ஒல்லாந்து. இலிகிதர் என்ற அவர் பதவிப்பெயர் சமஸ்கிருதம். இருந்ததும் திறந்ததும் மட்டும் தமிழ். ஐயாவும்.

ஜனவரி 24

முத்திரை பற்றி எழுதியதும் உறைத்தது. இலங்கையின் முதல் தபால் முத்திரை வந்தது 1857இல். கொழும்பு ஆங்கிலேயர் கைக்குப் போனது 1796. ஒல்லாந்தர் போய் அறுபது வருடம் கழித்து வந்த முத்திரையை விற்கும் இடத்துக்கும் ஊர் வைத்த பெயர் தபாற்கந்தோர். ஆங்கிலேயர் என்ன பலகை மாட்டினாலும், அரசாங்க வேலை நடக்கிற இடம் என்றால் அது கந்தோர் என்று சனங்களுக்கு முன்பே முடிவாகியிருந்தது. மாவட்ட நிர்வாகம் நடக்கிற கச்சேரி மட்டும் தப்பிவிட்டது. (தமிழ்நாட்டார் கவனிக்க: எங்கள் கச்சேரியில் மிருதங்கம் இருக்காது. அரசாங்க அதிபர் இருப்பார்.)

ஜனவரி 28

ஞாயிறு. நகர நடுவில் நௌடே என்ற சதுக்கத்தில் ஒரு பழைய தபாற்கந்தோர் இருக்கிறது. 1924இல் கட்டி முடித்தது. இருந்தது என்று சொல்ல வேண்டும். 2011 ஒக்டோபரில் மூடினார்கள், இந்த நாட்டின் கடைசித் தபாற்கந்தோர் அதுதான். இப்போது தபால் வேலையெல்லாம் புத்தகக் கடையின் மூலையிலும் பலசரக்குக் கடையிலும் நடக்கிறது, அதற்குத் 'தபால் புள்ளி' என்று பெயர். கட்டிடம் 2020 முதல் நூலகம்.

மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். மஞ்சள் செங்கல் வளைவுகள் தரையிலிருந்து எழும்பி மேலே போய்ச் சேர்கின்றன, கப்பலைக் கவிழ்த்து வைத்த மாதிரி. சுவரோரம் கண்டங்களைக் குறிக்கும் கருங்கல் உருவங்கள். ஒரு காலத்தில் சனம் வரிசையில் நின்ற இடத்தில் பிள்ளைகள் சாய்ந்து கிடந்து படிக்கிறார்கள். மகளிடம், "உன்ரை அப்பப்பா இப்பிடி ஒரு தபாற்கந்தோரிலைதான் வேலை செய்தவர்" என்றேன். "இவ்வளவு பெரிசா?" என்றாள். ஐயாவின் கந்தோர் இந்த மண்டபத்தின் புத்தக அலுமாரி ஒன்றுக்குள் அடங்கும். "ஓம்" என்று சொல்லிவிட்டேன்.

பெப்ரவரி 2

நல்ல கேள்வி ஒன்று வந்திருக்கிறது, இதற்கு என்னிடம் இருப்பது யோசனைதான். ஒல்லாந்தர் பழவேற்காட்டில் 1613இலேயே கோட்டை கட்டினார்கள். நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை அவர்களிடம். தூத்துக்குடியும்தான். அங்கெல்லாம் ஏன் கந்தோர் நிலைக்கவில்லை?

நான் நினைப்பது இது. அங்கே கம்பனி வியாபாரிதான். துணி வாங்கினான், முத்து வாங்கினான், காசைக் கொடுத்தான். அதனால் துட்டு நின்றது. யாழ்ப்பாணத்தில் அவன் அரசன். காணி எழுதிய தோம்பு என்ற பதிவேடு, வரி, திருமணப் பதிவு, வழக்கு எல்லாம் அவன் மேசையில். யாழ்ப்பாணத்தாரின் வழக்கச் சட்டமான தேசவழமையை 1707இல் எழுத்தில் தொகுத்ததும் அவர்கள் ஆட்சியில்தான். முத்து வாங்க வந்தவனின் மேசைக்குப் போக வேண்டியவர் நாலு வியாபாரிகள். காணி எழுதுகிறவனின் மேசைக்கு ஊரே போக வேண்டும். போய், வெயிலில் நின்று, நாளைக்கு வா என்று கேட்டுத் திரும்பி வந்திருக்கும். அப்படி அலைந்த இடத்தின் பெயர் மறக்குமா?

கோட்டையே இல்லாத ஊர்களிலும் இந்தச் சொல் போய் நின்றிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ரஷ்யர்களும் கந்தோரா என்கிறார்கள், பீட்டர் சக்கரவர்த்தி காலத்தில் போனது. சுவீடன், நோர்வே, டென்மார்க்கில் கொந்தூர். அங்கே சண்டை பிடிக்காமலேயே கணக்குப் புத்தகத்தோடு போயிருக்கிறது. ஆகவே என் விளக்கம் யாழ்ப்பாணத்துக்கு மட்டும். பிடிக்காவிட்டால் கழித்துவிடுங்கள்.

பெப்ரவரி 3

எங்கள் கந்தோரில் போன மாதம் அறைச் சுவர்களை எல்லாம் இடித்து ஒரே கூடமாக்கிவிட்டார்கள். இதற்கு ஒல்லாந்தில் 'கந்தோர்த் தோட்டம்' என்று பெயர். நாற்பது பேர், ஒரு வாடிய மணிப்பிளாண்ட். பக்கத்து மேசைக்காரர் பல் வைத்தியரோடு பேசுவது முழுவதும் எனக்குக் கேட்கும். மரம் வெட்டும் சொல்லிலிருந்து பிறந்த கந்தோர், இரண்டாயிரம் வருடம் சுற்றிவிட்டுத் திரும்பத் தோட்டத்திலேயே வந்து நிற்கிறது.

தோட்டத்துக்கு அவர்கள் சொல்கிற தௌன் என்ற சொல்லின் ஆதிப்பொருள் வேலி. ஜெர்மனில் இன்றும் வேலிதான், ஆங்கிலத்தில் அது டவுன் ஆகிவிட்டது. நம் வளவும் வளைத்து அடைத்ததால் வந்த பெயராக இருக்கலாம். எங்கள் வளவைச் சுற்றிக் கிடுகு வேலி இருந்தது. இந்தக் கந்தோர்த் தோட்டத்துக்கு அந்த வேலி கொஞ்சம் கிடைத்தால் புண்ணியம்.

பெப்ரவரி 10

ஊரிலுள்ள மாமியோடு பேசினேன். தபாற்கந்தோர் இன்னும் அதே இடத்தில்தானா என்று கேட்டேன். "எது? ஓ, போஸ்ட் ஒப்பிஸோ? அது சந்திக்குப் போட்டுது" என்றா. கந்தோர் என்று இப்போது ஒருவரும் சொல்வதில்லையா? "வயசு போனதுகள் சொல்லுங்கள்" என்றா. மாமிக்கு வயது எழுபத்தொன்பது.

பெப்ரவரி 11

தூணடி வாசகர் திரும்பி வந்திருக்கிறார். கந்தோரை விட்டுக்கொடுத்துவிட்டாராம். ஆனால் லாச்சி, 'உள்ளாட்சி' என்பதன் மரூஉவாம். உள்ளே இருப்பதை ஆள்வதால். இதற்கு நாளைக்கு, சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.